சீவிய தலை

மங்களாம்பிகை ஈரக் கூந்தலை விரித்துப்போட்டுச் சீப்பை வைத்த நேரம், கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். ஒரே ஒரு தட்டு, அப்புறம் திறக்கும்வரை சும்மா நின்றுகொண்டிருப்பது. தெற்குத் தெருக்காரர்கள்தான் அப்படித் தட்டுவார்கள்.

கதவைத் திறக்கப் போவதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வாரம் தவறாமல் பத்திரிகையில் இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குத்தான் முதல்முதலாக எட்டிப் பார்க்கிறவர்களும் இருப்பார்கள் இல்லையா?

மங்களம் திருவாரூரில் அரிசி மில் வைத்திருப்பவரின் பெண். சித்தங்கோட்டகம் பஞ்சநதம் வீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகிறது. கட்டியவன் துரைராசு பட்டணத்துக்குப் படிக்கப் போய், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பழைய ரெண்டு கதவு ஹெரால்டு கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தவன். மாசியில் சோழவரத்தில் நடக்கிற கார்ப் பந்தயத்தில் அதை ஓட்டியே தீருவது என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். பிள்ளை குட்டி பெற வேண்டிய வயசில் உனக்குப் பந்தயம் ஒரு கேடா என்று பஞ்சநதம் இன்னொரு காலில் நின்றார். பதின்மூன்று வாரமாக இருவரும் காலை மாற்றவில்லை.

வேகமான காரை யாரும் கடையில் வாங்குவதில்லையாம், இருக்கிற காரை வேகமாக்கித்தான் எடுக்க வேண்டுமாம். துரைராசு அப்படித்தான் மனைவிக்குச் சொல்லியிருந்தான். முதல் வேலை பாரத்தைக் குறைப்பது. பின் சீட்டும் தரை விரிப்பும் இரண்டு பம்பரும் மாட்டுக்கொட்டகைப் பரணுக்குப் போய்விட்டன. இரண்டாவது, மூச்சு. உள்ளே இழுக்கிற காற்றும் வெளியே தள்ளுகிற புகையும் தாராளமாகப் போக வேண்டும் என்று, நீடாமங்கலத்தில் இப்ராஹிம் பாய் பட்டறையில் புகைக்குழாயைப் பெரிதாக்கி வைத்தான். இப்ராஹிம் பாய் ஜென்மம் முழுக்கத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின்களைப் பார்த்தவர். கார் அவருக்கும் புதுசுதான். வயல் இன்ஜினுக்குப் பண்ணுகிறதைக் கொஞ்சம் கண்ணியமாகப் பண்ணினால் சரி என்று இறங்கியிருந்தார்.

மூன்றாவது வேலைதான் இந்த வாரத்து வினை. இன்ஜினுக்கு மேலே மூடி போல உட்கார்ந்திருக்கிற கனத்த இரும்புக்குப் பட்டறைப் பாஷையில் தலை என்று பேர். அதைக் கழற்றி, அடிப்பக்கத்தை மெஷினில் கொடுத்து அரை நூல் கனம் சீவி எடுத்தால், பெட்ரோல் வெடிக்கிற இடம் குறுகும். இடம் குறுகினால் வெடி ஓங்கி அடிக்கும். வண்டி பிய்த்துக்கொண்டு போகும்.

தலையைப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னால் அதில் காற்றுக்கும் புகைக்கும் வழியைத் திறந்து மூடுகிற எட்டு வால்வுகளையும் தேய்த்து உட்கார வைத்தது மங்களம்தான். மோர் கடைகிற மாதிரி உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டி, ஒவ்வொரு வால்வும் அதனதன் குழியில் காற்றுப் போகாமல் உட்காரும்வரை நான்கு நாள் தேய்த்தாள். ஒன்றாம் குழி வால்வு இரண்டாம் குழிக்கு ஆகாது. அதனால் எட்டையும் வரிசை மாறாமல் தன் பல்லாங்குழியில் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த வீட்டில் அவள் கையால் ஆன ஒரு காரியம் என்று அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இப்போது கதவைத் திறக்கலாம்.

வெளியே நின்றவள் தெற்குத் தெரு அம்சவல்லி. பஞ்சநதத்தின் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவள். இடுப்பில் கருக்கரிவாள் இருந்தது, ஆனால் முகம் அறுப்புக்குப் போகிற முகமாக இல்லை. அவள் புருஷன் மருதையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தலைவன். ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் நிலம் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டதிலிருந்து ஊரில் நெருப்பு. பஞ்சநதம் வாய்க்கால் மேட்டுப் பன்னிரண்டு ஏக்கரை எங்கேயோ இருக்கிற யார் யார் பேரிலோ எழுதி வைத்திருக்கிறார் என்று மனுக் கொடுத்தவன் மருதையன். உழுதவன், நட்டவன், குத்தகை அளந்தவன் எல்லாம் அவனே, அதனால் அவன் வாய்ச்சொல்தான் சாட்சி. அன்றைக்குக் காலை பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீசில் விசாரணை.

அம்சவல்லி அழவில்லை. குரலை இறக்கிக் கேட்டாள்.

"சின்னம்மா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. முடிச்சிட்டாங்களா? இல்ல, இன்னும் உசுரோட வச்சிருக்காங்களா?"

யாரை என்று மங்களம் கேட்டாள். அம்சவல்லி நடந்ததைச் சொன்னாள். முந்தின நாள் மத்தியானம் சின்னய்யா தபாலாபீசுக்கு வந்து போனில் கத்தினாராம். போனில் கத்தாமல் நீடாமங்கலத்துக்குக் கேட்காது, அது வேறு விஷயம். 'பாய், யோசிக்காதீங்க, தலையைச் சீவிடுங்க. நாளைக்குள்ள சீவிடணும். தலையைச் சீவிட்டா அப்புறம் ஓட்டந்தான்' என்று சொன்னாராம். வாசலில் தெற்குத் தெரு ஆட்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். தெற்குத் தெருவில் மருதையனைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தலைவர் என்பார்கள், பாதிப் பேர் சுருக்கித் தலை என்பார்கள். சங்கத்துத் தலையைச் சீவிவிட்டால் அப்புறம் மற்றவனெல்லாம் ஓட்டம்தான் என்று அவர்கள் காதில் விழுந்ததில் என்ன தப்பு? விஷயம் காதுக்கு வந்ததும் மருதையன் வீட்டுக்கு வந்தான், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான், துண்டை எடுத்துக்கொண்டு போனான். எங்கே என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிறவர்களுக்கு அவள் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பார்த்திருப்பான். அதன்பிறகு ஆளைக் காணோம், வழியில் பிடித்துவிட்டார்கள் என்றே தெற்குத் தெருவில் பேச்சு.

மங்களத்துக்குச் சங்கதி புரிந்தது. புரிந்ததும் அந்தப் பாவி மகள் சிரித்துவிட்டாள்.

பயம் தெளிந்த சிரிப்புத்தான் அது. அட கடவுளே, காரின் தலையைச் சொன்னதை இப்படியா எடுத்துக்கொண்டார்கள் என்கிற சிரிப்பு. ஆனால் எதிரே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அம்சவல்லி அந்தச் சிரிப்பை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள். மங்களம் பின்னாலேயே ஓடி, கார், இன்ஜின், இரும்பு என்று என்னென்னவோ சொன்னாள். அம்சவல்லி வைக்கோற்போரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

கொல்லைக் கதவில் கை வைத்துக்கொண்டு மங்களம் நின்றாள்.  ஏன் சிரித்தோம் என்று தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

துரைராசுவும் ஊரில் இல்லை. தலைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கெட் வாங்க முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போயிருந்தான். நாலு மணிக்கு முன்னால் வரமாட்டான்.

மாமனாரிடம் சொல்லிவிடுவோம் என்று கூடத்துக்குப் போனாள். பஞ்சநதம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் மாமா, மருதையன் எங்கே இருந்தாலும் வந்துவிடுவான், விசாரணைக்கும் நேரம் இருக்கிறது என்றாள். அவர் பேப்பரை மடித்தார்.

"என் மவன் சீவச் சொன்னது எந்தத் தலைன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். "நேத்து தபாலாபீசு ராஜாங்கம் வந்து சொன்னப்பவே தெரியும். நாம வாய் தொறந்து யாரையும் மிரட்டல. அவங்களா ஒண்ணு காதுல வாங்கிக்கிட்டா அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? பதினோரு மணி வரைக்கும் கொல்லைக் கதவைச் சாத்திட்டு உள்ள இரு."

அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

 இதுவரை நடந்தது தப்பு. இனி நடக்கப்போவது தப்பில்லை, திட்டம். அது அவள் கண்ணுக்கு நேரே நடக்கிறது, அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர் செய்கிறார். இவரை எதிர்த்து என்ன பேசுவது? பேசினால் யார் கேட்பது?

வண்டிக்காரப் பக்கிரியைத் தெற்குத் தெருவுக்கு அனுப்பலாம் என்று தேடினாள். அவனைப் பெரியவர் விடியும்போதே களத்துக்கு அனுப்பிவிட்டு, மத்தியானம்வரை நகரக்கூடாது என்று சொல்லியிருந்தார். தெற்குத் தெருவுக்குத் தானே போய் நின்றால்? காலையில் சிரித்த வாயை இன்னும் நாற்பது பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சாமான் கையில் இருக்க வேண்டும். அந்த இரும்பை எல்லார் நடுவிலும் போட்டு, இதோ பார், இதுதான் தலை என்று காட்ட வேண்டும். அதற்கு இப்ராஹிம் பாய் அதை உடனே அனுப்ப வேண்டும். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு மங்களம் வாசல் வழியாகவே இறங்கி நடந்தாள். பஞ்சநதம் பார்த்தார், தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அவர் நினைத்தது பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

தபாலாபீசில் ராஜாங்கம் டிரங்க் கால் பதிவு செய்தார். எட்டரை மணிக்குப் பதிந்தது, லைன் கிடைக்கவில்லை. ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. அவள் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். யாரும் அறுப்புக்குப் போகவில்லை. தாளடி விளைந்த நெல் வயலில் நிற்க, அரிவாளோடு முப்பது நாற்பது பேர் தபாலாபீஸ் வாசலில் நின்றார்கள். அம்சவல்லி வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மங்களம் இரண்டு முறை எழுந்து அவள் பக்கம் போனாள். இரண்டு முறையும் அம்சவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்தேகாலுக்கு மணி அடித்தது. ராஜாங்கம் ரிசீவரை நீட்டினார்.

இப்போது பாருங்கள் சோதனையை. அத்தனை பேர் காது கொடுத்து நிற்கிற இடத்தில் தலை என்கிற வார்த்தையை அவள் எப்படிச் சொல்லுவாள்?

"பாய், நான் துரைராசு வீட்ல பேசறேன். அந்த இரும்பு... அது ஆயிடுச்சுங்களா?"

இரும்பா, இங்கே பூராவும் இரும்புதானேம்மா, எந்த இரும்பு என்று கேட்டது அந்தப் பக்கம். கார் சாமான் என்றாள். கார் சாமான் மூணு கிடக்கு, எது என்றார். இன்ஜினுக்கு மேலே இருக்குமே, மூடி மாதிரி என்றாள். லைனில் கரகரவென்று இரைச்சல். இப்ராஹிம் பாய்க்கும் காது கொஞ்சம் மந்தம், பட்டறைக் காது. அவருக்குத் திடீரென்று விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோஷத்தில் அவர் கத்திய கத்தல் ரிசீவரைத் தாண்டி வாசல்வரை கேட்டது.

"அட, தலையைத்தானே கேக்குறீங்க? சீவியாச்சும்மா! சுத்தமா சீவி, கோணியில கட்டி, பத்து மணி பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டேன்!"

"சத்தம் போடாதீங்க பாய்," என்றாள் மங்களம். பதறிப் போய்ச் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் அது வாசலில் எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள்.  வேலமரத்தடியில் அம்சவல்லி எழுந்து நின்றிருந்தாள். மங்களம் வாசலுக்கு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, முதலிலிருந்து சொன்னாள். பாரத்தைக் குறைத்தது, குழாயைப் பெரிதாக்கினது, இன்ஜினின் தலையைக் கழற்றினது, எல்லாம் சொன்னாள். வயதான ஆள் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, பரிதாபமாகத்தான் கேட்டார், காருக்கு ஏதுங்கம்மா தலை? பக்கத்தில் நின்ற பெண்கள் மண்ணைப் பார்த்தார்கள். அவள் சொல்வது அத்தனையும் சத்தியம். அதைப்போல நம்ப முடியாத பேச்சை அவர்கள் வாழ்நாளில் கேட்டதில்லை.

கடிகாரம் பதினொன்று அடித்தது. யாரோ ஒருவர், இந்நேரம் கூப்பிட்டிருப்பாங்க என்றார். தாலுகா ஆபீஸ் வாசலில் சேவகன் மருதையன் பேரை மூன்று முறை கூப்பிட்டிருப்பான். வர வேண்டியவன் வரவில்லை.

பஸ் பன்னிரண்டுக்கு வந்தது. அதற்குள் கூட்டம் முழுவதும் பஸ் நிற்கிற மதகடிக்கு நகர்ந்திருந்தது. கண்டக்டர் மேலே ஏறிக் கோணி மூட்டையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கனமான மூட்டை, தரையில் தொப்பென்று உட்கார்ந்தது.  கோணியின் அடிப்பாகம் முழுக்கச் சிவப்பாக ஊறியிருந்தது.

செந்தூரம். பட்டறையில் சீவி முடித்த பிறகு, மேடு பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பூசி மட்டம் பார்ப்பார்கள். இப்ராஹிம் பாய் வேலையில் சுத்தக்காரர், பூசியிருக்கிறார். துடைத்து அனுப்ப நேரமில்லை. கோணியின் மேல் கரித்துண்டால் எழுதி வேறு வைத்திருந்தார்: தலை. துரைராசு, சித்தங்கோட்டகம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் அதை வாய்விட்டுப் படித்தான். பெண்கள் பக்கமிருந்து ஒரு ஓலம் எழுந்தது. மங்களம் மூட்டையிடம் ஓடினாள். நான் பிரிக்கிறேன், நான் பிரிக்கிறேன் என்று முடிச்சில் கை வைத்தாள். எண்ணெய்க் கயிறு, முடிச்சு அசையவில்லை.

"நகருங்க சின்னம்மா," என்றாள் அம்சவல்லி.

அவள் மண்டியிட்டாள். இடுப்பிலிருந்த கருக்கரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். கோணியின் வாயை விரிக்காமல் முதலில் கையை மட்டும் உள்ளே விட்டாள். கண்ணை மூடியிருந்தாள். கை உள்ளே தேடுவது வெளியே தெரிந்தது. பிறகு அந்தக் கை நின்றது.

கோணியை மெல்ல உருட்டி இறக்கினாள். முழ நீள இரும்பு. ஒரு பக்கம் கரி பிடித்துக் கறுப்பாக, இன்னொரு பக்கம் செந்தூரத்துக்கு அடியில் பளபளவென்று. அதில் நான்கு குழிகள். அம்சவல்லி ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பார்த்தாள். யாரோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அட, நெசமாவே காருக்குத் தலை இருக்குடா என்றார் அந்த வயதானவர். மங்களத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்சவல்லி மட்டும் சிரிக்கவில்லை. செந்தூரம் ஒட்டிய விரல்களைக் கோணியில் துடைத்தாள்.

"நீங்க சொன்னது நெசந்தாங்க," என்றாள். "ஆனா அவருக்கு யாரு போய்ச் சொல்றது, இது இரும்புன்னு?"

சிரிப்பு அடங்கிவிட்டது. எந்தப் பக்கம் போனான் என்று யாருக்கும் தெரியாது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போயிருக்கலாம் என்றார் ஒருவர். நாகூர் வண்டியில் ஏறியிருக்கலாம் என்றார் இன்னொருவர். ஒரு துண்டு இரும்புக்குப் பயந்து ஒரு மனுஷன் ஓடிக்கொண்டே இருக்கிறான். அவனை நிறுத்திச் சொல்ல ஆளில்லை. விசாரணையும் போயிற்று.

மங்களம் அம்சவல்லியைக் கொல்லைப்புறம்வரை கூட்டிக்கொண்டு போனாள். பஞ்சநதம் சாப்பிட்டுப் படுத்திருந்தார். அலமாரியிலிருந்து பல்லாங்குழியை எடுத்து வந்து, எட்டு வால்வுகளையும் வரிசையாக எண் போட்ட துணித்துண்டுகளில் சுற்றி, தன் கைத்தறித் துண்டு ஒன்றில் மூட்டையாகக் கட்டி நீட்டினாள்.

"இதை வச்சுக்க அம்சவல்லி. இது இல்லாட்டிக் கார் நகராது. கார் ஓடணும்னா எங்க வீட்டுக்காரரு உன் புருஷனைத் தேடிக் கூட்டிட்டு வந்தாகணும். எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

அம்சவல்லி வாங்கவில்லை. பெரிய வீட்டுச் சாமான் தெற்குத் தெருவில் இருந்தால் என்ன பேர் வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது சின்னம்மா என்றாள். நான் கொடுத்தேன் என்று நான் சொல்கிறேன் என்றாள் மங்களம். இரண்டு முறை சொன்னாள். அம்சவல்லி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூட்டையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள்.

நாலு மணிக்குத் துரைராசு வந்தான். கேஸ்கெட்டை அட்டையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தான். கார் நிற்கிற கொட்டகையில் தலையைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, சீவின பக்கத்தை விரலால் தடவினான். பாய் பாய்தான், கண்ணாடி போல எடுத்திருக்கிறார் என்றான்.

மங்களம் சொன்னாள். காலையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.  தான் போனில் சொன்னதை ஒருமுறை மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். தலையைச் சீவிட்டா அப்புறம் ஓட்டந்தான். ஐயையோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். இப்பவே போகிறேன், பேராவூரணியானாலும் சரி, நாகூரானாலும் சரி, தேடிப் பிடித்துக் கூட்டி வருகிறேன் என்று எழுந்தான். மங்களத்துக்கு அன்றைக்கு முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

கொட்டகை வாசலில் பஞ்சநதம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

நல்ல மனநிலையில் இருந்தார். தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டான், மனுதாரர் ஆஜராகாததால் மனுத் தள்ளுபடி. அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பதின்மூன்று வாரமாக அந்தக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்காதவர் பானெட்டில் கையை வைத்து நின்றார்.

"மாட்டுடா தலையை," என்றார். "மாசியில சோழவரத்துக்குப் போயிட்டு வா. இனிமே நான் குறுக்க நிக்கல."

துரைராசுவின் முகம் ஒரு நொடி பூத்தது. பூத்ததை மங்களம் பார்த்துவிட்டாள். அவனும் அவள் பார்த்ததைப் பார்த்தான். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, மருதையனைத் தேடிவிட்டு வருகிறேன் அப்பா, அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்றான். பந்தயத்துக்கு இருபது நாள்தான் இருக்கிறது, அதைப் பார் என்றார் அவர். ஓடினவன் ஓடட்டும், வால்வு எங்கே, எடுத்து மாட்டு என்றார். வால்வு என்கிற வார்த்தை அவர் வாயில் வந்ததே ஆச்சரியம்.

"வால்வு இங்க இல்ல மாமா," என்றாள் மங்களம். "அம்சவல்லிகிட்ட இருக்கு. நான்தான் குடுத்தேன். மருதையன் வந்து அவன் கையால குடுத்தாத்தான் வரும்."

 அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள், அதற்குத் தயாராக இருந்தாள். பஞ்சநதம் கத்தவில்லை. சற்று நேரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் நெற்றிச் சுருக்கம் விலகுவதைப் பார்த்தபோதுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது மங்களத்துக்குத் தெரிந்தது.

பக்கிரியைக் கூப்பிட்டு வெள்ளைத்தாள் கொண்டுவரச் சொன்னார். போலீசுக்கு மூன்று வரி எழுதினார். இன்று கார்க் கொட்டகையிலிருந்து சாமான் எட்டு காணாமல் போயிற்று, தெற்குத் தெரு மருதையன் பெண்சாதி அம்சவல்லி வீட்டில் இருப்பதாகத் தகவல். அதைப் படித்துக் காட்டினார். இன்றைக்குப் பெண்சாதி உள்ளே போனால் நாளைக்குப் புருஷன் தானாக வருவான், வந்து நாம் சொல்கிறதில் கைநாட்டு வைப்பான், தேடிக்கொண்டு அலைய வேண்டாம் பார் என்றார்.

நான் கொடுத்தது மாமா, நான் கொடுத்தது என்று மங்களம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"கார் யாரு பேர்ல இருக்கு?" என்று மகனைக் கேட்டார். "உன் பேர்லதானே? அப்ப நீதான் கையெழுத்துப் போடணும். போடு."

பேனாவையும் தாளையும் நீட்டினார். துரைராசு மங்களத்தைப் பார்த்தான். பிறகு கோணி மேல் சிவப்புத் துடைக்காமல் கிடந்த தலையைப் பார்த்தான். பேனாவை வாங்கிக்கொண்டான். மூடியை இன்னும் கழற்றவில்லை.